ஏழாவது அடி

ஜெய்னுலாப்தீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர் முகத்தில் ஆரம்பித்துப் பிரயோஜனமில்லை. முதுகில்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுபதுகளில் துபாய் தேரா கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்த சிந்திக்காரர், ஈரான்காரர், குஜராத்திக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த முதுகைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். அகலமான முதுகு. அதில் எப்போதும் வெள்ளைச் சட்டை. பேரம் படியாவிட்டால் மனிதர் வாதாடமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். "சரி பாய், உங்க சரக்கு உங்களுக்கு" என்று எழுந்து திரும்பி நடப்பார். அவசரமில்லாத நடை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் அடி எண்ணிக்கொண்டே போவார். ஏழாவது அடிக்குள் பின்னாலிருந்து "தால், தால், ரஃபீக், இங்க வா" என்று குரல் வந்துவிடும். ஒன்பது வருஷத்தில் ஏழு அடியைத் தாண்டி நடந்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். ஆள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் இந்த விஷயத்தில் பொய்யில்லை.

காயல்பட்டினத்துக்காரர். அறுபத்தொன்பதில் லாஞ்சில் வந்து, கோர்ஃபக்கான் கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தவர். ஹுமைத் என்ற அரபியின் பாத்திரக்கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். ஐந்தாம் வருஷம் அந்தக் கடைக்கு எந்தச் சரக்கு வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கிற ஆளாகிவிட்டார். அர்பாப் என்று எல்லோரும் கூப்பிட்ட முதலாளி ஹுமைத் தன் சொந்த மகன் சொன்னாலும் ஒருமுறை யோசிப்பார். ஜெய்ன் சொன்னால் கலாஸ், அதற்கு மேல் பேச்சில்லை.

இப்படிப்பட்ட மனிதர் 1978-ஆம் வருஷம் ஒரே ஒரு காகிதத்தைப் பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டு தவித்தார் என்றால் நம்பத்தான் வேண்டும். அது அவர் மனைவி ஷம்சியாவுக்கு அர்பாப் வாங்கித் தந்த விசா. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஷம்சியா துபாயில் வந்து இறங்கவேண்டும். தவறினால் இன்னொரு தரம் கேட்காதே என்று அர்பாப் கறாராகச் சொல்லியிருந்தார். நாயிஃப் சாலையில் இரண்டாம் மாடியில் ஃப்ளாட் தயார். ஜன்னலுக்கு ஏசி, சமையலறைக்கு காஸ் அடுப்பு, வாசலுக்குத் திரை எல்லாம் தயார். ஷம்சியாதான் இல்லை.

காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் தாய்வீட்டை விட்டு நகர்வதில்லை. மாப்பிள்ளை கொழும்புக்கோ ஹாங்காங்குக்கோ துபாய்க்கோ போய்ச் சம்பாதித்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போவார். அப்படித்தான் ஜெய்னுலாப்தீனும் போய் வந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினோரு மாதம்.

போன வருஷம் ஆகஸ்டில் லீவுக்குப் போனபோது துணிந்து கேட்டுவிட்டார், என்னோடு துபாய்க்கு வந்துவிடுகிறாயா என்று. ஷம்சியா தலையைக் குனிந்துகொண்டு, "உம்மாட்ட கேக்கணும்" என்றாள். மூன்று நாள் பதிலில்லை. மாமியார் அஸ்மத் பீவி முகத்திலிருந்தும் எதையும் படிக்க முடியவில்லை. அந்த அம்மாள் முகம் அப்படி. நாலாம் நாள் காலையில் நம் ஆளுக்குப் பொறுமை போயிற்று. லீவு இன்னும் பதினாறு நாள் பாக்கி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளறைத் திரையைப் பார்த்து, "சரி, உன் வீடு உனக்கு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

தேராவில் செய்கிற அதே வேலை. அதே நடை. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு ஆயிற்று, எழுபது ஆயிற்று, தெரு முனையும் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் வியாபாரம் கெட்டது என்பது அவருடைய சட்டம். அதனால் திரும்பியும் பார்க்கவில்லை. ரயிலேறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் வந்தது. அங்கு சுகமா, இங்கு சுகம், உம்மாவுக்குக் கால்வலி, மழை பெய்தது. இவரும் அதே அளவில் எழுதினார். போன பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

மூன்றாம் மாடியில் சேதுமாதவன் என்ற தஞ்சாவூர்க்காரர் குடும்பத்தோடு இருந்தார். வங்கி வேலை, வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டார்.

"ஏன் சார், விசாவ வச்சுண்டு பூஜையா பண்றீங்க? ஒரு லெட்டர் போட்டு வான்னு சொன்னா வந்துட்டுப் போறா."

"கேட்டாச்சு சார். கேட்டவன் மறுபடி போய்க் கேக்கக் கூடாது. அவ கூப்பிடுவா. கூப்பிடாம எங்க போயிருவா?"

"டிசம்பர் போயிடும் சார்."

"நீங்க வேணும்னா பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜெய்னுலாப்தீன் படியிறங்கிப் போனார். அந்த நம்பிக்கைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அக்டோபரில் அர்பாப் அவரைச் சீனாவுக்கு அனுப்பினார்.

அந்தக் காலத்தில் வளைகுடாவில் சீன ஃப்ளாஸ்க்குக்கு இருந்த மவுசைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிப்பார்கள். கூடாரத்தில் இருக்கிற பாலைவனத்து பதுவானாலும் சரி, பங்களாவில் இருக்கிற ஷேக் ஆனாலும் சரி, விருந்தாளி வந்தால் காவா காப்பியும் சுலைமானித் தேநீரும் சூடாக இருக்க வேண்டும். அதுவரை ஹாங்காங் தரகர் மூலம்தான் சரக்கு வந்துகொண்டிருந்தது. இந்தத் தரம் நேராகக் காண்டன் நகரத்து வியாபாரக் கண்காட்சிக்கே போய், சிவப்புப் பூப்போட்ட ஃப்ளாஸ்க் பேசி முடித்து வா என்று கோடையிலேயே சொல்லியிருந்தார் அர்பாப். இந்திய பாஸ்போர்ட்டில் சீனா என்று எழுதி வாங்கவே நாலு மாதம் அலைந்தாயிற்று. சீனாக்காரனோடு பேரம் பேச முடியுமா என்று கடையில் கேட்டவர்களிடம், "மனுசன்தானே, கூப்பிடத் தெரியாமலா இருப்பான்?" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஹாங்காங்கிலிருந்து ரயில். எல்லையில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பாலத்தை நடந்தே கடந்தார். அந்தப் பக்கம் போனதும் நாற்காலியில் உட்கார வைத்து, மூடி போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். பாலில்லை, சீனியில்லை. சீனாவில் சீனியில்லாத தேநீரா என்று தனக்குள் சிரித்துக்கொண்டே குடித்தார். அடுத்த ரயிலில் ஜன்னலோரம். வெளியே பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. வயலில் எருமையோடு ஆட்கள், வரப்பில் வாத்துக் கூட்டம், வாய்க்கால், குளம், மறுபடி வாய்க்கால். ஒன்பது வருஷமாக மணலையே பார்த்த கண்ணுக்கு அவ்வளவு தண்ணீரை ஒரே நாளில் பார்க்கத் திகட்டியது.

ஹோட்டல் அறையில் கொசுவலை, ஒரு டப்பா தேயிலை, ஒரு ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர். ஃப்ளாஸ்க் வாங்க வந்தவர் சும்மா இருப்பாரா. மதியம் வைத்த தண்ணீரை மறுநாள் விடிந்த பிறகு ஊற்றிப் பார்த்தார். நாக்கு சுட்டது. சரக்கு நல்ல சரக்கு என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மொழிபெயர்க்க அவருக்கென்று ஒரு பெண்ணை ஒதுக்கியிருந்தார்கள். மிஸ் லியாங். இரட்டைச் சடை, நீலச் சட்டை, அரபி படித்தவள். படித்தவள் என்றால் புத்தகத்தில் படித்தவள். அவள் பேசிய அரபி ஜும்ஆ மேடையில் இமாம் பேசுவதுபோல இலக்கணம் பிசகாமல் இருந்தது. இவர் பேசியது தேரா தெருவில் பொறுக்கிய அரபி. முதல் நாள் அவள் பேசப்பேச இவருக்குக் கை தானாகத் தொப்பியைத் தேடியது. இவர் பேசிய அரபியைக் கேட்டு அவள் மூன்று முறை அகராதி புரட்டினாள்.

கண்காட்சியில் ஃப்ளாஸ்க் பிரிவுக்குப் பொறுப்பாளர் மிஸ்டர் சென். ஐம்பது வயது, ஒல்லி, பையில் இரண்டு பேனா. தேநீர் ஊற்றினார், பயணம் சுகமா என்றார், துபாயில் வெயில் எப்படி என்றார், மறுபடி தேநீர் ஊற்றினார். முதல் நாள் முழுக்க இதுதான். இரண்டாம் நாள் விலை சொன்னார். ஜெய்னுலாப்தீன் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னார். சென் புன்னகையோடு அதே விலையை மறுபடி சொன்னார். இப்படி நாலு தரம் ஆயிற்று. சென் முகத்தில் கோபமுமில்லை, விலையில் இறக்கமுமில்லை. பழுத்த வியாபாரி என்று நம் ஆளுக்குப் பிடித்தேபோயிற்று. இப்படிப்பட்டவரிடம்தான் முதுகைக் காட்ட வேண்டும் என்று எழுந்தார். "சரி, உங்க சரக்கு உங்களுக்கு." மிஸ் லியாங் அதைச் சுத்தமான சீனத்தில் சொன்னாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் ஒரு தையல் இயந்திரத்தை நின்று பார்ப்பதுபோல் பார்த்து நேரம் கொடுத்தார். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. மண்டபம் பெரியது. படிக்கட்டு வந்தது. இறங்கினார். தெருவும் வந்துவிட்டது. ஆயிரம் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று, அவர் பெயரைத்தான் யாரும் சொல்லவில்லை. தன் சட்டத்தை மீறி, மறுபடி படியேறி ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு லெபனான்காரர் உட்கார்ந்திருக்க, சென் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கூப்பிடுவாரு" என்றார் மிஸ் லியாங்கிடம்.

நாளைக்கும் கூப்பிடவில்லை, நாளை மறுநாளும் இல்லை. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன் இவர் தலையைப் பார்த்தாலே "செய்தி இல்லை" என்று கையை ஆட்டக் கற்றுக்கொண்டான். சும்மா உட்கார்ந்தால் ஆள் செத்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ, மிஸ் லியாங் ஊர் சுற்றிக் காட்டத் தொடங்கினாள்.

பக்கத்துப் பூங்காவுக்குக் காலையில் போனார்கள். கிழவர்களும் கிழவிகளும் காற்றைத் தள்ளுவதுபோல மெதுவாகக் கையை அசைத்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்கள். முகம் ஒரு பக்கம், கால் போவது மறுபக்கம். உடம்புக்கு நல்லதாம். ஜெய்னுலாப்தீனும் நடந்து பார்த்தார். பத்தடி போவதற்குள் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டார். கிழவிகள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறுநாள் மரமில்லாத பாதையாகப் பார்த்துப் போனார்.

வெள்ளிக்கிழமை பழைய பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றாள். வெள்ளை மினாரா, சீனக் கூரை, முற்றத்தில் பூந்தொட்டி. தொழுதவர்கள் பத்துப்பேர்கூட இல்லை. ஒரு சீனக் கிழவர் அவர் கையைப் பிடித்து "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பொது வார்த்தை கிடையாது. கிழவர் கையை விடவுமில்லை. பிறகு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கிண்ணம் நிறைய மாட்டிறைச்சி நூடுல்ஸ். குச்சியால் தின்னத் தெரியாமல் அரைமணி நேரம் போராடி, கடைசியில் கரண்டி கேட்டு வாங்கினார். ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆற்றில் படகு வீடு, படகில் கோழிக்கூடு, கோழிக்கூட்டுக்கு மேல் காயப்போட்ட துணி. எல்லாவற்றையும் ரசித்தார். இப்படி ஒரு ஊர் இருப்பது தெரியாமலே செத்துப்போயிருப்பேனே என்று வாய்விட்டுச் சொன்னார். ஆனால் ஹோட்டலுக்குத் திரும்பியதும் முதல் பார்வை வரவேற்புப் பையன் கைக்குத்தான் போகும்.

கண்காட்சி முடியப் பத்து நாள் இருக்கும்போது வெளிநாட்டு வியாபாரிகளைப் பஸ்ஸில் ஏற்றி ஏழு நட்சத்திரக் குன்றுகளுக்கு அழைத்துப்போனார்கள். பெரிய ஏரி. அந்த ஏரிக்குள்ளிருந்து நேராக முளைத்து நிற்கிற பாறைக் குன்றுகள், ஏழு. அடிவாரத்தில் மூங்கில், தலையில் பனிமூட்டம், தண்ணீரில் தலைகீழாக இன்னொரு ஏழு. படகில் ஜெய்னுலாப்தீனும் மிஸ் லியாங்கும் துடுப்புக்காரரும் மட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து மிஸ் லியாங் தன் சுத்த அரபியில் சொன்னாள்.

"நேற்று மிஸ்டர் சென் உங்களைப் பற்றி விசாரித்தார். உங்களுக்கு உடல்நலமில்லையா என்று கேட்டார்."

"என்னைப் பத்திக் கேட்டாரா? அப்ப கூப்பிட வேண்டியதுதானே. எத்தன நாளா காத்துக் கெடக்கேன்."

அவள் விழித்தாள். "நீங்கள் காத்திருந்தீர்களா? வேண்டாம் என்று எழுந்து போனவர் நீங்கள் அல்லவா?"

"அது சும்மா. கூப்பிடணும்னுதான் போறது."

இதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லாதபோதும் அவள் கை அகராதியைத் தேடியது. "மிஸ்டர் சென் யாரையும் பின்னால் கூப்பிடமாட்டார். போகிறவர் யோசித்து முடிவு செய்துதான் போகிறார், அவரைக் கூப்பிட்டால் உங்கள் மனது உங்களுக்குத் தெரியாது என்று சொன்னதாகும், அது அவமரியாதை என்பார். உங்கள் நாற்காலிக்கு எதிரில் இரண்டு நாள் உங்கள் கோப்பையை எடுக்காமல் வைத்திருந்தார். நீங்கள் வரவில்லை."

படகு மூன்றாவது குன்றைச் சுற்றி வந்தது. ஜெய்னுலாப்தீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைப்பில் இப்போது மிஸ்டர் சென் இல்லை. காயல்பட்டினத்து வீட்டின் உள்ளறைத் திரை இருந்தது. பதினான்கு மாதமாக அவள் கூப்பிடவில்லை என்று கணக்கு வைத்திருந்தாரே தவிர, மாமியாரை வைததோடு சரி, ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அடப் பாவி, என்று தன்னைத்தானே திட்டினார். தமிழில் திட்டியதால் மிஸ் லியாங்குக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கண்காட்சிக்குப் போனார். சென் எழுந்து நின்று கைகொடுத்து, உடம்பு தேவலையா என்றார், தேநீர் ஊற்றினார். பழைய விலை அப்படியே இருந்தது. சிவப்புப் பூ மட்டும் இல்லை, எல்லாவற்றையும் லெபனான்காரர் எடுத்துக்கொண்டார். மீதியிருந்தது ஏரியும் குன்றும் வரைந்த ஃப்ளாஸ்க். அதை யாரும் கேட்கவில்லை என்று சென் உண்மையைச் சொன்னார். ஜெய்னுலாப்தீன் ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். குன்றுகளை எண்ணினார். ஏழு இருந்தது.

"முழுசும் எனக்கு" என்றார். நேற்று அங்கே போயிருந்தேன் என்று மிஸ் லியாங் மூலம் சொல்லச் சொன்னார். சென் முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். அவருடைய சொந்த ஊர் அந்த ஏரிக்கரையில்தானாம்.

அன்று மதியமே அறையில் உட்கார்ந்து ஷம்சியாவுக்கு எழுதினார். வழக்கமாக அரைப்பக்கம் எழுதுகிறவர் ஹோட்டல் தாளில் ஆறு பக்கம் எழுதினார். எருமையை எழுதினார், வாத்தை எழுதினார், மரத்தில் முட்டிக்கொண்டதை எழுதினார், கையை விடாத கிழவரை எழுதினார். ஏரிக்கு மட்டும் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில், "போன வருஷம் நான் கோபித்துக்கொண்டு வந்தது நீ கூப்பிடுவாய் என்றுதான். அது வியாபாரத்தில் செய்கிற வேலை, உன்னிடம் செய்திருக்கக்கூடாது. விசா டிசம்பர் முடியும் வரை இருக்கிறது. இப்போது நானே மறுபடி கேட்கிறேன், வருகிறாயா? வராவிட்டாலும் கோபமில்லை, மார்ச்சில் நான் வருவேன்" என்று எழுதி, படித்தால் கிழித்துவிடுவோம் என்று பயந்து படிக்காமலே ஒட்டினார்.

நவம்பர் கடைசியில் துபாய் திரும்பினார். மாதிரிக்குக் கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கைப் பார்த்து அர்பாப் புருவத்தை உயர்த்தினார்.

"ஜெய்ன், பூ எங்க?"

"பூ மாஃபி அர்பாப். தண்ணிதான். நம்ம ஜனங்க பூவைப் பார்த்து என்ன செய்யப் போறாங்க? ஒரு ஏரியைப் பார்த்துக்கிட்டே காவா குடிக்கட்டும்."

அர்பாப் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்து, ஏரியின்மேல் விரலை வைத்துக் கேட்டார். "இந்தத் தண்ணி குடிக்கலாமா?"

"கையால அள்ளிக் குடிச்சேன் அர்பாப். இனிப்பு."

இது பச்சைப் பொய். மிஸ் லியாங் குடிக்க விடவில்லை. ஆனால் அர்பாப் அந்த ஃப்ளாஸ்க்கை அன்றே வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். சரக்கு வந்து சேருமுன்பே அல் ஐனிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் ஏரிப் படம் எப்போது வரும் என்று ஆள் விசாரித்தார்கள்.

வியாபாரம் ஜெயித்துவிட்டது. ஜெய்னுலாப்தீன் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். டிசம்பர் ஐந்து, ஏழு, எட்டு. சேதுமாதவன்கூட மாடிப்படியில் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிப் போனார். அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. பதினோராம் தேதி கடிதம் வந்தது. இரண்டே வரி.

"டிக்கெட் அனுப்புங்கோ. அந்த ஏரிப்படம் போட்டதில் ஒன்று எனக்கு எடுத்துவைங்கோ."

இருபத்தேழாம் தேதி ஷம்சியா விமானத்திலிருந்து இறங்கினாள். பம்பாய் வரை தம்பி கூட வந்து ஏற்றிவிட்டிருந்தான். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. டாக்ஸியில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஃப்ளாட்டுக்குள் வந்ததும் திரையைத் தொட்டுப் பார்த்தாள், அடுப்பைத் திருகிப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்து, "இதானா" என்று கேட்டு ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு தகரப்பெட்டியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. மாசிக் கருவாட்டுத் தூள், வற்றல், அத்தர்ப்புட்டி என்று மேலே புதிதாக வைத்ததையெல்லாம் அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஜெய்னுலாப்தீன் வாங்கி வைத்தார். கீழே மடித்த சேலைகள். அடியில் விரித்திருந்த செய்தித்தாள். அவர் கண் தேதியில் விழுந்தது. 1977 ஆகஸ்ட்.

"இது போன வருஷப் பேப்பரால்ல இருக்கு?"

"ஆமா. போன வருஷம் அடுக்குன பெட்டிதான்."

"போன வருஷமா?"

ஷம்சியா சேலையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள். "நாலாம் நாளு விடியக்காலமே உம்மா சரின்னுட்டாங்கோ. பேப்பர் விரிச்சது அவங்கதான். அடுக்கி முடிச்சிட்டு உங்கள்ட்ட பெட்டியோட வந்து காட்டுவோம்னு உள்ளறையில இருந்தேன். நீங்க உன் வீடு உனக்குன்னு சொல்லிட்டு எறங்கிட்டிய. ஓடி வந்து பார்த்தா பாதித் தெருவுல போறிய."

"கூப்பிட்டிருக்கலாம்ல புள்ள."

"தெருவுல நின்னு சத்தம் போட்டா? எங்க வீட்டுப் பொம்பள சத்தம் என்னைக்கி மச்சான் தெருவுல கேட்டிருக்கு?" அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "வாசல்லயே நின்னேன். ஒருக்கா திரும்பிப் பார்த்தா போதும், கையைக் காட்டலாம்னு நின்னேன். கடைசி வரைக்கும் உங்க முதுவுதான் தெரிஞ்சிச்சு."

"லெட்டர்லயாவது எழுதியிருக்கலாமே."

"வேணாம்னு மனசு மாறிப் போறவியள எப்படிக் கூப்பிட? நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன். பெட்டிய மட்டும் பிரிக்கல. உம்மாதான் மாசத்துக்கு ஒருக்கா பாச்சை உருண்டைய மாத்தி வைப்பாங்கோ."

பதினான்கு மாதமும் மாமியார்தான் தடுக்கிறாள் என்று மனசுக்குள் வைது தீர்த்தவர் அவர். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. மறைக்க ஏலாமல் அழுதார். ஷம்சியா எழுந்துபோய் ஃப்ளாஸ்க்கைக் கழுவி, தேயிலை எங்கே என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஜெய்னுலாப்தீன் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நாயிஃப் சாலை விழித்து வெகுநேரமாயிற்று. பட்டான்காரர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், தள்ளுவண்டிக்காரர்கள் யல்லா யல்லா என்று வழி கேட்டார்கள், டாக்ஸிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. மனிதர் என்றைக்குமில்லாத உற்சாகத்தில் அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார். அப்போது இரண்டாம் மாடியிலிருந்து, அத்தனை இரைச்சலையும் தாண்டி, ஒரு பெண் குரல் வந்தது.

"மச்சான்... தேத்தண்ணி ஊத்தி வச்ச ஃப்ளாஸ்க்க விட்டுட்டுப் போறியளே."

பட்டான்காரர் ரொட்டியை விட்டுவிட்டு மேலே பார்த்தார். தள்ளுவண்டி ஒன்று நின்றது. பால்கனிக் கம்பிக்குப் பின்னால் வெள்ளைத் துப்பட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஏரிப்படத்தை உயர்த்திக்கொண்டு ஷம்சியா நின்றாள். தெருவே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்தும் உள்ளே போகவில்லை.

ஜெய்னுலாப்தீன் நின்று, முழுசாகத் திரும்பி, அண்ணாந்து பார்த்தார். எத்தனையாவது அடி என்று அவர் எண்ணியிருக்கவில்லை. "இந்தா வாறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க்கை வாங்க மாடிப்படி ஏறினார்.